பாய்லரை அணைத்த நாள்

பெரியப்பாவின் சலவை ஆலையை அவள் ஆசைப்பட்டு ஏற்கவில்லை. அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் படி ஏறக்கூடாது, கத்தக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள். படி ஏறாமல் இருந்துவிடுவார். ஆனால் கத்தாமல் அந்த ஆலையை அவரால் நடத்த முடியாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகளான அவள்தான் ஆலையின் கணக்குப் பிரிவை வருடக்கணக்கில் பார்த்துவந்தாள். "கொஞ்ச நாளைக்கு என் நாற்காலியில நீ உக்காரு, பாப்பா," என்றார். நாற்பதைத் தாண்டிக் காதோரம் நரைத்த பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

கொஞ்ச நாள் என்பது ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது.

ஊரின் பெரிய மருத்துவமனைத் துணி முழுக்க அந்த ஆலைக்குத்தான் வரும். வார்டுகளின் படுக்கை விரிப்புகள், நோயாளிகளின் அங்கிகள், ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள் எல்லாம். ஆலையின் நடுவே கூரை வரை ஒரு சுவர். அதன் ஒரு பக்கம் அழுக்கு, மறுபக்கம் சுத்தம். துவைக்கும் இயந்திரங்கள் சுவரிலேயே பதிந்திருக்கும். இந்தப் பக்கக் கதவு வழியாக அழுக்கைப் போட்டால் அந்தப் பக்கக் கதவு வழியாகச் சுத்தமாக எடுக்கலாம். தண்ணீரைச் சூடாக்க, துணியைக் காயவைக்க, பெரிய உருளைகளில் இஸ்திரி போட, எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். அந்த நீராவி முற்றத்துக் கொட்டகையில் இருக்கும் ஒரே ஒரு பாய்லரிலிருந்து வந்தது.

பெரியப்பா முடிவை முதலில் எடுத்துவிட்டு யோசனையைப் பிறகு கேட்பவர். கேட்ட யோசனை பிடிக்காவிட்டால் சொன்னவர் பாடு திண்டாட்டம்தான். "யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது" என்பது அவர் கொள்கை. மற்ற சலவை ஆலைக்காரர்களோடு பேச்சுவார்த்தையே கிடையாது. சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் மேசைக் கால் ஆடாமலிருக்க அதை மடித்து வைப்பார். அவர் படுத்த பிறகு அவள் ஒருமுறை அந்தக் கூட்டத்துக்குப் போனாள். தூணோரமாகத் தட்டை ஏந்தி நின்று, சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினாள்.

முடிவெடுப்பது என்றாலே அவளுக்குப் பயம். "இவ புடவை எடுக்கக் கடைக்குப் போனா, வெளிய வர்றதுக்குள்ள கடைக்காரர் ரிட்டயர் ஆயிடுவார்," என்பார் கணக்கு வாத்தியாரான அவள் கணவர். அவள் சிரித்துவிடுவாள். ஆனால் அவர் சொன்னது அதிகப்படியில்லை என்று அவளுக்கே தெரியும்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் சோதனை வந்தது.

அன்று ஆலைக்குள் நுழைந்ததுமே சத்தம் கேட்டது. யாரோ பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல, டொக், டொக் என்று. கொட்டகைக்குப் போனாள். பாய்லரை இயக்குபவர் அங்கே இருந்தார். ஆலையில் எல்லோரும் அவரைப் பாய்லர் அண்ணன் என்பார்கள். வீட்டில் அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள் என்று ஒரு கேலி உண்டு. அவருக்குப் பக்கத்தில் பராமரிப்பைப் பார்க்கும் என்ஜினியர் கையில் டார்ச்சோடு குனிந்து நின்றார். இருவரும் காரசாரமாகப் பேசி முடித்திருந்தது முகங்களில் தெரிந்தது.

"இந்தச் சத்தம் புதுசாண்ணா?" என்று கேட்டாள்.

"அப்பப்போ இருமும் மேடம். வயசாயிடுச்சுல்ல," என்றார் பாய்லர் அண்ணன். "ஞாயித்துக்கிழமை எப்படியும் நிறுத்தப்போறோம். அன்னைக்குத் திறந்து பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஓடும்."

"பின்பக்கக் கதவுக்குக் கீழ ஈரம் இருக்கு," என்றார் என்ஜினியர். "போன வாரம் அது இல்ல. உள்ள ஏதோ குழாய் ஒழுகுதுன்னு நினைக்கிறேன். இப்பவே நிறுத்திடலாம் மேடம்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நினைக்கிறேன்தான். திறந்து பாத்தாதான் தெரியும். திறக்கணும்னா நிறுத்தி, ஆற விடணும்."

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

என்ஜினியர் யோசித்தார். "ரெண்டு மூணு நாள் வேலை கெட்டுப்போகும். ஆஸ்பத்திரிக்காரங்க கத்துவாங்க. நீங்க எல்லாரும் என்னைத் திட்டுவீங்க."

அவள் பாய்லர் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றது தப்பா இருந்தாண்ணா?"

அவர் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். பதில் அவருக்குத் தெரியும். அதை வாயால் சொல்லத்தான் பிடிக்கவில்லை.

அவள் ஆவலாய் எதிர்பார்த்திருந்தது இருவரும் ஒரே மாதிரி சொல்வதைத்தான். அப்படிச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள். இருவருமே நல்லவர்கள், இருவருமே தொழில் தெரிந்தவர்கள். யார் பக்கம் சாய்வது? அப்போது வேறு மாதிரி ஒரு கேள்வி அவள் வாயில் வந்தது.

"அண்ணா, நாளைக்கு உங்களுக்கு லீவுன்னு வச்சுக்குங்க. புதுசா ஒருத்தர் உங்க இடத்துக்கு வர்றார். பாய்லரை அவர் கையில கொடுத்துட்டுப் போகும்போது என்ன சொல்லிட்டுப் போவீங்க?"

அவர் பாய்லரின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்பக்கம் போய் நிக்காதப்பான்னு சொல்லுவேன்," என்றார் அவர் மெல்ல.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை. நிறுத்தியது தவறென்று தெரிந்தால் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். ஓட்டியது தவறென்று தெரிந்தால், அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. இவ்வளவுதான் விஷயம். இத்தனை சுலபமாக ஒரு முடிவு கைக்கு வந்துவிட்டதே என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"அணைச்சிடுங்கண்ணா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தீ அணைந்தது. அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. மறுநாள் காலை மருத்துவமனைக்கு வண்டி வண்டியாகத் துணி போயாக வேண்டும். வார்டு விரிப்புகளை வேண்டுமானால் ஒரு நாள் தள்ளலாம். தியேட்டர் துணி இல்லையென்றால் அறுவை சிகிச்சை நிற்கும்.

அதற்குள் தொலைபேசி அலறியது. ஆலையில் யாரோ பெரியப்பா காதில் போட்டுவிட்டார்கள்.

"அணைச்சிட்டியாமே?"

"ஆமா பெரியப்பா."

"யாரைக் கேட்டு அணைச்ச?"

"பாய்லர் அண்ணனையும் என்ஜினியரையும் கேட்டேன்."

"என்னைக் கேட்டியா? அந்த பாய்லர் உன் கல்யாணத்துக்கு முன்னாடியே இருமிச்சு. இன்னும் இருமிக்கிட்டுதான் இருக்கு. ஆறறதுக்குள்ள திரும்பப் பத்த வைக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

"இல்ல பெரியப்பா. பத்த வைக்கச் சொல்ல மாட்டேன்."

வாழ்க்கையில் அவரிடம் அவள் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரிக்காரன் கேட்டா என்ன சொல்லுவ? நம்ம கஷ்டம் வெளிய தெரியக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" அவர் குரல் ஏறியது. "இரு, நானே கிளம்பி வரேன்."

ஏதோ உரசும் சத்தம். பிறகு பெரியம்மாவின் குரல். "அவர் எங்கயும் வரமாட்டார்டி. செருப்பை ஒளிச்சு வச்சிருக்கேன். நீ உன் வேலையைப் பாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு மருத்துவமனையின் தலைமை நர்ஸை அழைத்தாள். துணி விஷயமெல்லாம் அவர் கட்டுப்பாட்டில்தான். இதுவரை அவரோடு பேசியதெல்லாம் புகார் வரும்போதுதான்: கறை போகவில்லை, நாடா அறுந்திருக்கிறது, எண்ணிக்கை குறைகிறது. பெரியப்பா காலத்தில் ஏதாவது தாமதமானால் 'வண்டி கிளம்பிடுச்சு' என்று சொல்வதுதான் வழக்கம். வண்டி அப்போது முற்றத்தில்தான் நிற்கும்.

"சிஸ்டர், எங்க பாய்லரை நிறுத்திட்டோம். சரி பண்ண மூணு நாள் ஆகலாம். நாளைக்கு உங்களுக்கு முழுத் துணியும் வராது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

திட்டு விழப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வண்டி கிளம்பிடுச்சுன்னு சொல்லலையே," என்றார் தலைமை நர்ஸ்.

"இல்ல சிஸ்டர். கிளம்பல."

"நல்லது. முந்தின நாளே உண்மையைச் சொல்லிட்டீங்க. இப்ப நான் ஏதாவது செய்ய முடியும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குச் சொன்னா நான் தலையில அடிச்சுக்கத்தான் முடியும்." பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டுத் திரும்ப வந்தார். "வார்டு விரிப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தச் சொல்றேன், அழுக்கானதை மட்டும் உடனே. பழைய இருப்பு கொஞ்சம் இருக்கு. ஆனா தியேட்டர் துணி மட்டும் எனக்குக் கட்டாயம் வேணும். நாளைக்கு மதியத்துக்கு மேல கையில ஒன்னும் இருக்காது."

பாதிச் சுமை இறங்கியதுபோல இருந்தது. மீதிப் பாதிக்கு அவளுக்குத் தெரிந்து ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் கஞ்சி நின்றிருந்தார்.

கஞ்சி என்றால் ஊரின் பெரிய ஹோட்டலில் சலவைப் பிரிவின் தலைவர். அவர் சட்டைக் காலர் எப்போதும் கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். ஒரு காலத்தில் பெரியப்பாவிடம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஹோட்டல் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டார். கூடவே நன்றாக இஸ்திரி போடும் பெண்கள் சிலரும் போனார்கள். அன்றிலிருந்து பெரியப்பா வாயில் அவர் பெயர் வருவதில்லை. 'அந்த ஆளு' என்பதோடு சரி.

அந்த ஆளின் நம்பர்கூட அவளிடம் இல்லை. ஹோட்டலின் பொது எண்ணை அழைத்தாள்.

"வணக்கம், ரூம் புக் பண்ணணுமா மேடம்?" என்றது ஒரு இனிமையான குரல்.

"இல்லைங்க. உங்க லாண்டரியில பேசணும்."

"உங்க டிரெஸ் ஏதாவது தொலைஞ்சு போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்ல. நானும் லாண்டரிதான்," என்றாள். அந்தப் பெண் குழம்பிப்போய் இணைப்பை மாற்றிவிட்டாள்.

கஞ்சி எடுத்ததும் தான் யார் என்று சொன்னாள். அவள் முழுவதையும் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட ஓர் இடம் வேண்டும். கேட்பதற்குத் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் தெரியும்.

"பெரியவர் கேக்கச் சொன்னாரா?" என்றார் அவர்.

"இல்ல சார். நான் உங்களைக் கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது."

"ம். போன மழைக்காலத்துல எங்க டிரையர் ரெண்டும் ஒன்னா படுத்துடுச்சு. அத்தனை ரூமும் நிரம்பியிருந்துச்சு. உங்க ஆலையில இருந்து ஒரு கை கிடைச்சா தப்பிச்சுடலாம்னு தெரியும். போனைக் கையில எடுத்தேன், வச்சேன். எடுத்தேன், வச்சேன். கடைசிவரைக்கும் கூப்பிடல. கௌரவம். ஈரத் துண்டோட நின்ன விருந்தாளிங்ககிட்ட வாங்கின வசவு இன்னும் காதுல இருக்கு. நீங்க கூப்பிட்டுட்டீங்க. அதனால இனிமே நானும் கூப்பிடலாம்ல?"

"தாராளமா சார்."

"அப்ப சரி. எங்க மெஷின் காலை நேரத்துல சும்மாதான் இருக்கும். ரூம் காலியாகித் துணி இறங்க மதியம் ஆயிடும். அதுவரைக்கும் எடுத்துக்குங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஒன்னு. ஆஸ்பத்திரி அழுக்குத் துணி ஒன்னுகூட என் வாசலைத் தாண்டக் கூடாது. ரத்தத் துணியையும் விருந்தாளித் துணியையும் ஒரே மெஷின்ல போட்டேன்னு தெரிஞ்சா என்னையே உருளையில விட்டு இஸ்திரி போட்டுடுவாங்க."

அவர் சொன்னது நியாயம். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். அழுக்கை அங்கே அனுப்ப முடியாது. இங்கேயோ வெந்நீர் இல்லை. கிருமி சாகும் அளவுக்குச் சூடு இல்லாமல் துவைத்தால் தலைமை நர்ஸ் தொடமாட்டார்.

முன்பென்றால் ஒருவரிடம் பேசி, இன்னொருவரிடம் பேசி, இருவர் சொன்னதையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படுத்துக்கொண்டு புரண்டிருப்பாள். அன்று அதற்கு நேரமில்லை. "சார், லைன்லயே இருங்க," என்று சொல்லி, தலைமை நர்ஸையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டாள். என்ஜினியரை அறைக்குள் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தங்களால் முடியாததையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சு வட்டமடித்தது. பிறகு கஞ்சிதான் கேட்டார், "சூடு இல்லாட்டிதான் என்ன? குளிர்ந்த தண்ணியிலயே கிருமியைக் கொல்ற மருந்து இருக்கே. எங்க பட்டுத் திரைச்சீலைக்கெல்லாம் அதைத்தான் போடறோம். சிஸ்டருக்கு அது சம்மதமா?"

"அந்த மருந்தோட பேரைச் சொல்லுங்க," என்றார் தலைமை நர்ஸ். கஞ்சி சொன்னார். தலைமை நர்ஸ் மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, "அளவும் நேரமும் நாங்க சொல்றபடி இருந்தா சம்மதம். தியேட்டர் துணியை எப்படியும் இங்க ஆட்டோகிளேவ்ல வச்சு மறுபடி சுத்திகரிப்போம்," என்றார்.

அவ்வளவுதான். துவைப்பது இங்கே, காயவைப்பதும் இஸ்திரியும் அங்கே. மருந்து கஞ்சியின் கிடங்கிலிருந்து முதலில் வரும். ஈரத் துணி அவள் வண்டியில் போகும். மூன்று பேர் தனித்தனியாக யோசித்திருந்தால் யாருக்கும் இது தோன்றியிருக்காது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான் இருந்தது.

அழைப்பை முடிக்கும் முன் கஞ்சி சொன்னார். "பெரியவருக்கு இது வேற யார் மூலமாவும் தெரியக் கூடாது மேடம். நீங்களே சொல்லிடுங்க."

பெரியப்பாவை அழைத்தாள். மனப்பாடம் செய்ததைப்போல ஒரே மூச்சில் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் போனை வைத்துவிட்டார். கத்தியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் வேலை யாருக்கும் சுலபமாக இருக்கவில்லை. ஈரத் துணி இவ்வளவு கனக்கும் என்று வண்டி ஏற்றுபவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. "இது துணியா, செத்த யானையா?" என்று ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இஸ்திரிப் பகுதிப் பெண்கள் ஹோட்டலுக்குப் போனார்கள். அங்கே தங்களை விட்டுப் போன பழைய தோழிகளைப் பார்த்ததும் முதல் கால் மணி நேரம் துணி எதுவும் நகரவில்லை. கஞ்சி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, "அழுது முடிச்சாச்சுன்னா உருளையைப் போடலாமா?" என்றார். அதன் பிறகு வேலை பறந்தது.

அவள் முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். முதல் வண்டி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்கக் கை துறுதுறுத்தது. கேட்டால் தொந்தரவு, கேட்காவிட்டால் தலை வெடிக்கும். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலைமை நர்ஸே அழைத்தார்.

"தியேட்டருக்குத் துணி வந்துடுச்சு. எந்த ஆபரேஷனும் தள்ளிப்போகல," என்றார். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல், "வார்டு விரிப்புல கொஞ்சம் ஹோட்டலுக்குப் போய் வந்திருக்கு போல. ஓரத்துல விசிறி மாதிரி மடிச்சு அனுப்பியிருக்காங்க. ஒரு நோயாளி காலைல காபி எப்ப வரும், நீச்சல் குளம் எந்தப் பக்கம்னு கேக்கறார்," என்றார்.

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து தோள்களை இறுக்கியே வைத்திருந்தாள் என்பது அவை தளர்ந்தபோதுதான் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முகத்தைக் கைகளில் புதைத்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

பாய்லர் முழுக்க ஆறிய பிறகு, சனிக்கிழமை காலை, பாய்லர்களைச் சோதிக்கும் ஆய்வாளர் வந்தார். பின்பக்கக் கதவைத் திறந்தார்கள். அவர் விளக்கோடு உள்ளே தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். பாய்லர் அண்ணனும் என்ஜினியரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். காலில் பெரியம்மாவின் செருப்பு.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்கு வந்து, கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டார். ஆய்வாளர் தலையை வெளியே எடுத்தார்.

"சில குழாய் உள்ளுக்குள்ள நல்லா அரிச்சிருக்கு. ஒன்னுல ஓட்டையே விழுந்திருக்கு. மாத்தணும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடியிருக்குமா?" என்று கேட்டார் பெரியப்பா. கேட்டது ஆய்வாளரை. ஆனால் கொட்டகையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ஆய்வாளர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஓடியிருக்கலாம். ஓடாமலும் போயிருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாது. தெரியாதபோது நிறுத்தறதுதான் சரி. நானா இருந்தாலும் ஓட்டியிருக்க மாட்டேன்."

நிறுத்தியிராவிட்டால் பெரிய ஆபத்து வந்திருக்கும் என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு அது குறையாகப் படவில்லை. வியாழக்கிழமை காலை தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தாள். அதே காலை திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வாள். இது அவளுக்குப் புதிய நிம்மதி. எத்தனையோ முடிவுகளுக்குப் பிறகு எத்தனையோ ராத்திரிகள் விழித்துக் கிடந்திருக்கிறாள். இந்த முடிவில் புரண்டு பார்க்க எதுவும் மிச்சமில்லை.

பாய்லர் அண்ணன் அந்த ஓட்டை விழுந்த இடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என்ஜினியர் தோளில் கை வைத்தார். "நான் நிக்கிற இடத்துக்கு நேரா இருக்குய்யா," என்றார்.

பெரியப்பா முற்றத்துக்குத் திரும்பினார், அவள் பின்னால் போனாள். அங்கே ஹோட்டல் வண்டி வந்து நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து, மடித்த துணிகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் கஞ்சி. அவளுக்கு டாக்டர் கத்தக்கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துணி இறக்கியவர்கள்கூட அசையவில்லை.

"காலர் இன்னும் அப்படியேதான் இருக்கு," என்றார் பெரியப்பா.

"உங்க முறைப்பும் அப்படியேதான் இருக்குங்க," என்றார் கஞ்சி. "உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு என்ன, இருக்கு." பெரியப்பா வண்டிக்குப் பக்கத்தில் போனார். மேலே இருந்த விரிப்பு ஒன்றைக் கையில் எடுத்தார். விசிறி மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னய்யா? ஆஸ்பத்திரிக்கு இப்படியா மடிப்பாங்க? நான் உனக்கு இதையா சொல்லிக் கொடுத்தேன்?"

"ஹோட்டல்ல இப்படித்தான் கேக்கறாங்க. கை பழகிப் போச்சு."

"கெட்டுப் போச்சுன்னு சொல்லு," என்ற பெரியப்பா, கைத்தடியை வண்டியில் சாய்த்துவிட்டு விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நீட்டினார். கஞ்சி வந்து வாங்கிக்கொண்டார். இருவரும் எதிரெதிரே நின்று, விரிப்பை உதறி, நேராக மடித்தார்கள். அடுத்ததையும் மடித்தார்கள். மடித்துக்கொண்டே மழைக்கால டிரையர் கதையைக் கஞ்சி சொல்வதும், "ஏன்யா கூப்பிடல, மடையா?" என்று பெரியப்பா கேட்பதும் அவள் காதில் விழுந்தது. கத்தலைப் போலத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் பயந்த கத்தல் அது இல்லை.

அவள் அவர்களை விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். பெரியப்பா போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பாப்பா, அடுத்த தடவை நீ முதல்ல என்னைக் கேளு," என்றார். ஒரு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "நான் என்ன சொன்னாலும் உனக்குச் சரின்னு படறதைச் செய்."

குழாய்களை மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை பாய்லர் மறுபடி பற்றியது, இருமல் இல்லை. உருளைகளிலிருந்து ஆவி எழுந்தபோது இஸ்திரிப் பெண்கள் கைதட்டினார்கள். அன்று மாலை அவள் கஞ்சிக்கும் தலைமை நர்ஸுக்கும் நன்றி சொல்ல அழைத்தாள். நன்றி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது; பேச்சு முடியவில்லை. எந்தச் சோப்பு நல்லது, எந்த உதிரிபாகம் எங்கே கிடைக்கும், மழைக்காலத்துக்கு யார் என்ன தயார் செய்யவேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. மாதம் ஒருமுறை மூவரும் இப்படிப் பேசுவது என்று முடிவானது. அந்த ஆய்வாளரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் தலைமை நர்ஸ். மாணவர் விடுதியில் சலவையைப் பார்க்கும் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார் கஞ்சி. சங்கக் கூட்டத்தில் தூணோரம் நின்ற தன்னை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரிடமும் நயமாகப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் பழக்கம் வாய்க்கும் என்று நினைத்திருந்தாள். தன் கஷ்டத்தை மறைக்காமல் சொல்லிக் கேட்டதில்தான் இவர்கள் கிடைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பாய்லர் ஓடுது, ஆஸ்பத்திரி ஓடுது, பெரியப்பா பெரியம்மா செருப்பைத் திருப்பிக் கொடுத்துட்டார்."

"ராத்திரிக்கு என்ன பண்ணலாம், சொல்லு. நான் ஆரம்பிக்கறேன்."

அவள் சோபாவில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதை நீங்களே முடிவு பண்ணுங்க," என்றாள். "எதுவா இருந்தாலும் சாப்பிடறேன்."

அவர் பாத்திரத்தை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்பதற்குள் தூங்கிவிட்டாள்.